புள்ளியியல் பட்டப்படிப்பு: வழிகாட்டிப் பக்கம் பொங்கலுக்கே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த பிறகே நாளிதழ்களில் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்கள் வருகின்றன. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் புள்ளியியல் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு அது பிந்திய உதவி. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.ஸ்டாட். (இளநிலைப் புள்ளியியல்) நுழைவுத் தேர்வுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வுக்கும் அதற்குள் விண்ணப்பக் காலம் முடிந்துவிடுகிறது. திருவாரூரிலேயே மத்தியப் பல்கலைக்கழகம் இருந்தும், க்யூட் எழுதவில்லை என்ற ஒரே காரணத்தால் நம் பிள்ளைகள் அதன் வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே இந்தப் பக்கங்களைப் பொங்கலை ஒட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவற்றில் இடம்பெற வேண்டியவை என்று நாங்கள் கருதுவதையும் எழுதுகிறோம்.

1931இல் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் தொடங்கிய கொல்கத்தா கழகத்தில் பி.ஸ்டாட். படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மாத உதவித்தொகையும் உண்டு. பிளஸ் 2வில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வில் ஒரு தாள் கொள்குறி வகை, மற்றொன்று விரித்து எழுதுவது. இந்த இரண்டாம் தாளில்தான் நம் மாணவர்கள் சறுக்குகிறார்கள். பாடநூல் பயிற்சிக் கணக்குகளை மனப்பாடமாகப் போட்டுப் பழகியவர்களுக்கு, ‘ஏன்?’ என்று நிறுவச் சொன்னால் பேனா ஓடாது. பழைய வினாத்தாள்கள் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளஸ் 1 முதலே வாரத்துக்கு இரண்டு, மூன்று கேள்விகளுக்கு முழு நிரூபணம் எழுதிப் பழகுவதே சரியான தயாரிப்பு.

உள்ளூரிலோ சென்னையிலோ கல்லூரி தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது, பட்டத்தில் எந்தப் பாடத்தின் பெயர் இருக்கும் என்பது. ‘பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்தால் புள்ளியியல் அலைடாக (துணைப்பாடமாக) வந்துவிடும்’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அந்த அலைடு ஓரிரு செமஸ்டரோடு முடிந்துவிடும். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்எஸ்சி) பட்டதாரி நிலைத் தேர்வில் இரண்டாம் நிலைப் புள்ளியியல் புலனாய்வாளர் பணிக்கோ, ஆறு செமஸ்டரிலும் புள்ளியியல் படித்திருக்க வேண்டும் என்பது விதி. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் அது ஒரு பாடமாக இருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் எழுத்துத் தேர்வின் 1000 மதிப்பெண்ணில் 800 புள்ளியியலின் நான்கு தாள்களுக்கு உரியது. அலைடு அளவுப் படிப்பு அங்கே தாங்காது.

அடுத்தது ‘டேட்டா சயின்ஸ்’ என்ற பெயர்ப்பலகை. படிப்பைக் குறை சொல்லவில்லை. பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள் என்கிறோம். நிகழ்தகவு, பரவல்கள், மதிப்பீட்டுக் கோட்பாடு, கருதுகோள் சோதனை, கூறெடுப்பு (சாம்பிளிங்), சோதனை வடிவமைப்பு, தொடர்புப் போக்கு ஆகியவை தனித்தனித் தாள்களாக இருக்க வேண்டும். கூடவே மெய்ப் பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் தேவை. இவை இல்லாமல் பைத்தானும் எக்செல்லும் மட்டும் நிறைந்திருந்தால், பின்னால் எம்.எஸ்சி. புள்ளியியல் நுழைவுத் தேர்வுகளில் திணற நேரும். மறுபுறம், சில புள்ளியியல் துறைகளில் செய்முறை வகுப்பு இன்னும் கால்குலேட்டரோடு நின்றுவிடுகிறது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி, ஆய்வகக் கணினிகள் எத்தனை, பாடம் எடுப்பவர்களில் புள்ளியியலில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று சேர்க்கை நாளிலேயே கேளுங்கள்.

டெல்டாவில் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு: சம்பா அறுவடையில் மாணவர்களைப் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறீர்களா? நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டு இழப்பீடு இந்த எடையிலிருந்து கணிக்கும் மகசூலைப் பொறுத்தது. ஒரு ஹெக்டேரில் இப்படி 400 சதுரங்கள் அடங்கும். ஆகவே ஒரு சதுரத் துண்டில் கால் கிலோ பிசகினால் கணக்கில் ஹெக்டேருக்கு 100 கிலோ பிசகும். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து சமவாய்ப்பு (ரேண்டம்) எண்களைக் கொண்டு சதுரத்தின் இடத்தைக் குறிக்காமல், கண்ணுக்குச் செழிப்பாகத் தெரியும் இடத்தில் கயிறு கட்டினால் மகசூல் கூடுதலாகத் தெரியும், இழப்பீடு குறையும். சதுரத்தின் எல்லையில் நிற்கும் குத்துகளையும் சேர்த்து அறுத்தாலும் அப்படியே. துண்டு சிறிதாக ஆக இந்தப் பிழை பெரிதாகும் என்று புள்ளியியலாளர் சுகாத்மே காட்டினார். மகாலனோபிஸுக்கும் அவருக்கும் இதில் நீண்ட கருத்து மோதல் இருந்தது. கூறெடுப்புத் தாளைக் கரும்பலகையோடு முடித்துவிடும் துறைக்கும், வரப்பில் இறங்கிக் காட்டும் துறைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. மற்ற எந்த வசதியையும்விட இதற்கே நாங்கள் அதிக எடை கொடுப்போம்.

மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் கல்வி நிறுவனத் தரவரிசையில் புள்ளியியலுக்கென்று தனிப் பட்டியல் இல்லை. கல்லூரியின் ஒட்டுமொத்த இடத்தை வைத்து அந்தத் துறையை எடைபோட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, லயோலா ஆகியவற்றில் இளநிலைப் புள்ளியியல் உண்டு. உதவிபெறும் கல்லூரி என்றால், குறிப்பிட்ட பிரிவு உதவிபெறுவதா சுயநிதியா என்று விசாரித்துவிடுங்கள்; கட்டணம் அதைப் பொறுத்து மாறும்.

இளநிலை முடித்துச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. தொடரலாம். மும்பை, கான்பூர் ஐஐடிகளில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வின் கணிதப் புள்ளியியல் தாள் எழுத வேண்டும். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அதனால் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கென ஆகஸ்டில் ஒரு சிறு அறிவிப்பும் தங்கள் இதழில் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்