தொப்பூர் இறக்கத்தில் முதலில் தார்ப்பரப்பை அளந்து பாருங்கள்

தொப்பூர் கணவாய்ச் சாலையைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையின் தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகள் நடக்கின்றன. பிரேக் பிடிக்காத லாரியைச் சொரசொரப்பான சாலை நிறுத்திவிடாது. அது வேறு பிரச்சினை. ஆனால் அந்த லாரி மோதுவதைப் பார்த்துப் பின்னால் பிரேக் அடிப்பவர்களைச் சாலைதான் காப்பாற்ற வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் உராய்வுக் கெழு, அதாவது டயருக்குச் சாலை தரும் பிடிப்பின் அளவு, 0.6 இருந்தால் சமதளத்தில் சுமார் 24 மீட்டரில் வண்டி நிற்கும். 0.3 ஆகிவிட்டால் 47 மீட்டர். இறக்கத்தில் இன்னும் கூடும்.

ஆகவே, மழைக்காலத்துக்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். 25 மி.லி. மணலைப் பரப்பில் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். வட்டம் 20 செ.மீ. விட்டத்தில் நின்றால் பரப்பில் உள்ள பள்ளங்களின் சராசரி ஆழம் 0.8 மி.மீ.; 25 செ.மீ. வரை விரிந்தால் 0.5 மி.மீ.தான், மழைநீர் ஒதுங்க இடமில்லை. அடுத்து, பரப்பை நனைத்து ஊசல் கருவியால் அளவிடுங்கள். ஆடும் கையில் உள்ள ரப்பர் பரப்பை உரசிச் செல்லும்; பிடிப்பு கூடினால் எண்ணும் கூடும். செங்குத்தான இறக்கத்துக்கும் வளைவுக்கும் 65 வேண்டும் என்பது பழைய பிரிட்டிஷ் பரிந்துரை. லாரிச் சக்கரம் ஓடும் தடத்திலேயே அளவிடுங்கள். இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவில் டயர் அதிகம் படாது, அங்கே எண் நன்றாகத்தான் வரும்!

எண் குறைந்தால் காரணத்தைப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் தார் மேலே கசிந்திருக்கிறது. அதன்மேல் மெல்லிய அடுக்கு போட்டால் வெயிலில் தார் மறுபடி மேலே வரும், சுரண்டி எடுத்தாக வேண்டும். கல் தெரிந்தும் வழுக்கினால் ஜல்லி மெருகேறிவிட்டது. அங்கே 6 முதல் 8 மி.மீ. மைக்ரோ சர்ஃபேசிங் (தார்க் குழம்பும் பொடி ஜல்லியும் கலந்த மெல்லிய அடுக்கு) போதும், ஆனால் டயர் தேய்த்தும் ஜல்லி வழுவழுப்பாகாமல் இருப்பதைக் காட்டும் மெருகு எதிர்ப்பு மதிப்பு 55க்குக் குறையக் கூடாது. கடினமான கல்லெல்லாம் மெருகேறாத கல் அல்ல. கிருஷ்ணகிரி கிரானைட் எப்படிப் பளபளக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

இரட்டைப் பாலத்தை நெருங்கும் பகுதிக்கு மட்டும் எபாக்சி என்ற பசையைப் பூசி, 1 முதல் 3 மி.மீ. சுட்ட பாக்சைட் (எளிதில் மெருகேறாத கடினக் கனிமம்) துகள் தூவலாம். விலை அதிகம்தான். வளைவில் தொடங்காதீர்கள், ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கும் இடத்துக்கு முன்பே தொடங்குங்கள். பூசும்போது பரப்பில் ஈரமோ தூசியோ இருந்தால் தகடு தகடாகப் பெயர்ந்து வரும்.

வேகம் குறைக்கச் சாலையில் போடும் வெள்ளைப் பட்டைகளையும் நனைத்து அதே ஊசல் கருவியால் அளவிடுங்கள். 45க்குக் குறைந்தால் மழையில் முதலில் விழுவது இருசக்கர வாகனம்தான்.

அளவீடுகளை இடவாரியாக, தேதியோடு மக்கள் பார்க்கும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சாலைப் பொறியியல் தெரிந்த தருமபுரி மாவட்டத்தினர்