வேளாக்கொம்பைக் கழற்றி எறியாதீர்கள்

வடமராட்சியிலிருந்து தீவகம் வரை கடலைப் பார்த்தபடி நிற்கும் கோவில்களின் பரிபாலன சபையாருக்கும், தேவாலயங்களின் அருட்பணிச் சபையாருக்கும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு சித்திர ஆசிரியை. கரையில் பிறந்து வளர்ந்தவள். அம்மப்பா திருக்கை வலை போட்டவர். இந்த மடலை எழுத வைத்தது ஒரு கொம்பு; வேளா என்ற மீனின் முகத்தில் நீண்டிருக்கும் கொம்பு.

எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்த சின்னக் கோவிலில், உள்ளே போனதும் இடப்பக்கச் சுவரில் ஒரு வேளாக்கொம்பு சாத்தியிருக்கும். சின்ன வயதில் என் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு பக்கமும் பல் வைத்த வாள் மாதிரி. வெள்ளிக்கிழமைகளில் யாரோ அதன் நுனியில் சந்தனம் வைத்துவிட்டுப் போவார்கள். யார் பிடித்தது, எந்த ஆண்டு, ஏன் கோவிலுக்குக் கொடுத்தார்கள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. அங்கேயே இருக்கிற பொருள்தானே, எப்போதும் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு திருப்பணி தொடங்கியது. பழைய ஓடும் கல்லும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போயின. கும்பாபிஷேகத்துக்குப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க மாபிள். கொம்பைக் காணவில்லை. கேட்டேன். "அது பழைய மீன் எலும்பு தங்கச்சி, கல்லோடை போயிருக்கும்" என்றார்கள். சொன்னவர் நல்ல மனிதர். அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

அந்த மீன் எலும்பு எங்கள் சாமிகளிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைச் சொல்லும்போது "சினைச் சுறவின் கோடு நட்டு" என்று ஒரு வரி வரும். சினைப்பட்ட சுறாவின் கொம்பை நட்டு, அதில் அணங்கை, அதாவது தெய்வத்தை, ஏற்றி, தாழம்பூச் சூடி, பனங்கள் குடித்து, பறுவ நாளில், அதாவது பூரணையில், கடலுக்குப் போகாமல் உண்டு ஆடினார்களாம். கோடு என்றால் கொம்பு. கொம்புள்ள சுறா என்றால் எங்கள் ஆட்கள் வேளாவைத்தான் நினைப்பார்கள். உண்மையில் அது சுறா அல்ல, திருக்கை இனம். செவுள் உடம்பின் அடிப்பக்கம் இருக்கும். ஆனால் குட்டி போடும் என்பது சரி. பாட்டிலே சினை என்று வந்ததைப் பார்த்தால், எழுதியவர் கரையில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். தாழையும் பனையும் பறுவமும் நமக்குப் புதியவையா? கிட்டத்தட்ட 2,000 வருடப் பழக்கம் ஒன்று எங்கள் ஊர்ச் சுவரில் சாய்ந்து நின்றது. நாங்கள் அதைக் கல்லோடு அள்ளிக் கொட்டினோம்.

அந்த மீனை அணங்காகக் கண்டவர்கள் நாம் மட்டும் அல்ல. மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே, கடல் கண்ணுக்கே எட்டாத மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே அஸ்டெக்குகளின் பெருங்கோவில் 1978 தொடக்கம் முறையாகத் தோண்டப்பட்டபோது, நிலத்துக்குள் புதைத்த காணிக்கைகளில் சங்கு, சிப்பி, பவளத்தோடு வேளாக்கொம்புகளும் கிடைத்தன. அவ்வளவு தூரம் மலையேற்றிச் சுமந்து வந்திருக்கிறார்கள். மேற்கு ஆபிரிக்காவில் கினி பிசாவுக்கு எதிரேயுள்ள பிஜாகோஸ் தீவுகளில் இளைஞர்கள் வேளாக்கொம்பு வைத்த முகமூடி போட்டு ஆடுகிறார்கள். அந்தப் பக்கத்து எட்டு நாடுகள் சேர்ந்து பயன்படுத்தும் பிராங்க் நாணயத்தைக் கையில் எடுத்தால், அதில் இருப்பதும் வேளாதான். பொன் நிறுக்க அகான் மக்கள் பித்தளையில் வார்த்த எடைக்கல்லின் உருவம் அது. அந்த நாணயத்தை வெளியிடும் வங்கி அந்த மீனையே தன் சின்னமாக வைத்திருக்கிறது.

ஆனால் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது வியட்நாம்காரரின் கதை. ஏனென்றால் அங்கே பொறுப்பெடுத்தவர்கள் உங்களைப் போன்றவர்கள். தென்கரையில் பான் தியெட் என்றொரு மீன்பிடி ஊர். அங்குள்ள வான் தூய் தூ கோவில் 1762இல் கட்டப்பட்டது. 'வான்' என்பது கடற்றொழிலாளர் சங்கம் மாதிரி ஒன்று. அவர்கள் கும்பிடுவது திமிங்கிலத்தை. 'மீன் ஐயா' என்று பொருள்படத்தான் அதற்குப் பெயரே. புயலில் கவிழப் போகும் வள்ளத்தை முதுகு கொடுத்துத் தாங்கிக் கரை சேர்க்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கரையில் முன்பு வாழ்ந்த, சிவனைக் கும்பிட்ட சாம் மக்களிடமிருந்து வந்த வழக்கம் என்கிறார்கள். இறந்த திமிங்கிலம் கரையொதுங்கினால் முதலில் கண்டவர் அதற்கு மூத்த மகன். தலையில் துக்கத் துணி கட்டி, தகப்பனுக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்வார். நம்மூரில் கொள்ளி வைக்கும் மகனின் இடம் அது. புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்துக் கழுவிக் கோவிலில் வைப்பார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் ஒன்று, 22 மீற்றர் நீள முழு எலும்புக்கூடு. இன்றைக்கு விஞ்ஞானிகளும் வந்து பார்க்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். எந்த அரசாங்கமும் சொல்லிச் செய்த வேலை அல்ல அது. ஓர் ஊர்ச் சங்கம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டது.

நம்மிடமும் இல்லாததில்லை. வல்லிபுரத்தில் வலைக்கு அகப்படாமல் போக்குக் காட்டிய மாயமீன், கடைசியில் ஒரு கரையோரப் பெண்ணின் மடியில் துள்ளி விழுந்த கதையை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அது பரவாயில்லை. சமுத்திரத் தீர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கில் மணலில் நடந்து போகிறோமே, அந்த நடையே மீனைத் தேடிப் போகிற நடைதான். நாகபட்டினத்து அதிபத்தர் அகப்பட்ட முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். வறுமையில் தங்க மீனே அகப்பட்டபோதும் அதையும் விட்டவர். கச்சதீவில் நாம் போய்க் கும்பிடும் அந்தோனியார், கேட்க ஆளில்லாத கரையில் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர். மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டனவாம். சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்று நாம் பிரிந்து நின்றாலும் மீன் இரண்டு வீட்டுக்கும் உறவு. சாமிக்குப் பின்னால் நிற்கும் திருவாசியின் இரண்டு காலடியையும் ஒருதரம் உற்றுப் பாருங்கள். வாய் பிளந்து நிற்கும் மகரம் தெரியும். பாதி யானை, பாதி முதலை, வால் மீன். அதே மகரம் தெற்கே விகாரை வாசலிலும் இருக்கிறது, கம்போடியாவின் கல்வாசல்களிலும் இருக்கிறது.

இதையெல்லாம் என் மாணவர்களிடம் சொன்னேன். பிறகு ஒரு மீன் வரையச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட கார்ட்டூன் மீனை வரைந்தார்கள். கரையூர்ப் பிள்ளைகள். வீட்டில் நேற்று ஓராவும் விளைமீனும் சமைத்திருப்பார்கள்.

சரி, நான் கேட்பதைச் சொல்கிறேன். திருப்பணி என்று முடிவெடுத்தவுடன், ஓட்டைக் கழற்றுவதற்கு முன், கோவிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். வேளாக்கொம்பு, திமிங்கில எலும்பு, ஆமையோடு, பழைய சுவரில் யாரோ தீட்டிய மீன், உடைந்த மரவாகனம். எதுவானாலும் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். எனாமல் பெயின்ற் மட்டும் பூச வேண்டாம். பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் பூசினால் எலும்பு மூச்சுவிடாது, உள்ளே ஈரம் தங்கும். உப்புக்காற்று நேரே படாத உலர்ந்த இடம் போதும். பக்கத்தில் ஒரு மட்டையில் யார் கொடுத்தது, எந்தக் கடலில், எந்த வலையில் அகப்பட்டது என்று நாலு வரி எழுதி வையுங்கள். அந்த நாலு வரி கொம்பளவுக்கே பெறுமதி. பல்லை எண்ணினாலே எந்த வகை வேளா என்று ஓரளவு சொல்லலாம். காய்ந்த கொம்பிலிருந்து மரபணுக்கூட எடுக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் படிக்கும் பிள்ளைகளுக்கு நம் கடலில் முன்பு என்ன இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

தயவுசெய்து புதிதாக ஒரு கொம்பு தேட வேண்டாம். உலகத்திலுள்ள ஐந்து வகை வேளாவும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. எந்தக் கொம்பைக் கும்பிட்டோமோ, அந்தக் கொம்பே வலையில் சிக்கி அதைக் கொன்றது. 2007 தொடக்கம் பெரும்பாலான வகைகளுக்கும் 2013இல் மிச்சமிருந்த ஒன்றுக்கும் நாடு விட்டு நாடு விற்பது தடை. தப்பித்தவறி உயிரோடு ஒன்று வலையில் வந்தால், வலையை வெட்டி விடச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். வலையின் விலை எனக்குத் தெரியும். அதனால்தான் தனி ஆளிடம் கேட்காமல் சங்கத்திடம் கேட்கிறேன். வெட்டின வலைக்குச் சங்கம் கொஞ்சம் தோள் கொடுத்தால் வெட்டுகிறவன் யோசிக்க மாட்டான். அதிபத்தர் கதையை அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

பெரியவர்களின் பேச்சையும் பதிந்து வைக்க வேண்டும். 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. 27 வருடத்தில் எத்தனை தண்டயல்மார் (வள்ளத் தலைவர்கள்) கதையோடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்! இருக்கிறவர்கள் வாடியில் உட்கார்ந்து பேசும்போது ஒரு கைபேசியை நீட்டினாலே போதும்.

பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் யப்பானிய மீனவர்கள் பிடித்த மீனின் மேலேயே மை பூசி, தாளை ஒற்றி, அளவு மாறாமல் பதிந்து வைத்தார்கள். செதிளும் செட்டையும் அப்படியே தாளில் வரும். அதைப் பிள்ளைகளோடு செய்ய ஆசை. சந்தை கலைந்த பிறகு சங்கக் கட்டடத்தில் ஓர் அறையும் ஒரு ஓராவும் ஒரு திருக்கைக் குஞ்சும் தந்தால் ஞாயிறுகளில் வந்துவிடுவேன். மையும் தாளும் என் செலவு.

அப்புறம் ஒன்று. எங்கள் கோவிலில் கழற்றிய கல்லும் ஓடும் பள்ளமான வளவு ஒன்றை நிரப்பத்தான் போனதாகக் கேள்வி. எந்த வளவு என்று தெரிந்தவர் உங்களில் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். மழை தொடங்குமுன் ஒருமுறை தோண்டிப் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
கரையோரத்துச் சித்திர ஆசிரியை ஒருத்தி,
யாழ்ப்பாணம்.