என் ஓட்டு புரோகோஃபியேவுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ருஷ்ய இசை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அவர் காலத்திலேயே வாழ்ந்த இன்னொரு இசையமைப்பாளர் புரோகோஃபியேவை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். திறமைசாலிதான், ஆனால் பட்ட கஷ்டம் போதாது, அதனால் இசையிலும் ஆழம் போதாது என்பது அந்தப் பத்தியின் சாரம். படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான்.

முதலில் ஷோஸ்டகோவிச். அவரைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. 1942 ஆகஸ்ட் 9-ஐ நினைத்துப் பாருங்கள். ஜெர்மன் படை லெனின்கிராட் நகரைச் சுற்றி வளைத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வானொலி இசைக்குழுவில் வாசிக்கிற நிலையில் மிஞ்சியவர்கள் பதினைந்து பேர் அளவுக்குத்தான். மற்றவர்களில் பலர் பட்டினியில் செத்துப்போயிருந்தார்கள். நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க், போர்முனையில் இருந்த சிப்பாய்களில் வாத்தியம் தெரிந்தவர்களை வரவழைத்தார். வாசிப்பவர்களுக்குக் கூடுதல் ரேஷன் கிடைக்க ஏற்பாடு ஆனது. அப்படியும் குழல் வாசிப்பவர்களுக்கு ஊத மூச்சு வரவில்லை. கச்சேரி நேரத்தில் ஜெர்மன் பீரங்கிகள் வாயைத் திறக்கக் கூடாது என்று சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அவற்றின் மேல் குண்டு பொழிந்தன. அப்புறம்தான் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி (பெரிய இசைக்குழு வாசிக்கும் நீண்ட படைப்பு) ஆரம்பமானது. ஒலிபெருக்கி வழியாக ஊருக்கும் கேட்டது, எதிரியின் பதுங்குகுழிக்கும் கேட்டது.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் வாசிக்கிற அவருடைய எட்டாவது நால்வர் இசையும் எனக்கு அப்படித்தான். 1960 ஜூலையில், டிரெஸ்டன் பக்கத்தில் உள்ள கோரிஷ் என்ற சிற்றூரில் உட்கார்ந்து மூன்றே நாளில் எழுதியது. தன் பெயரின் எழுத்துகளை ஜெர்மானியர்களின் சுரப் பெயர்களாக்கி, டி, எஸ், சி, எச் என்று நான்கு சுரங்களை அதில் வைத்திருக்கிறார். சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அது ரி, க, ஸ, நி. சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், காகலி நிஷாதம். கீரவாணி பாடுகிறவர்களுக்குப் பழகிய சுரங்கள். செல்லோ அதைத் தனியாக எடுக்கும். பிறகு வயோலா, பிறகு இரண்டு வயலின்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து அதே நான்கு சுரங்களைச் சொல்லும்போது, இருட்டில் ஒரு மனிதன் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்வது போல இருக்கும். முதல் தடவை கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, இவ்வளவு பிடித்திருந்தும் ஏன் அவர் பக்கம் நிற்கவில்லை?

அவரைக் கேட்கும்போது நான் பாதி நேரம் கேட்கவில்லை, விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த நால்வர் இசையின் நான்காம் பகுதியில் மூன்று மூன்றாக விழுகிற அடிகளைக் கதவைத் தட்டும் ரகசியப் போலீஸ் என்று சிலர் சொல்கிறார்கள், விமானக் குண்டு என்று வேறு சிலர். ஐந்தாவது சிம்பொனியின் கடைசியில் வருகிற வெற்றி முழக்கம் நிஜமான சந்தோஷமா, முதுகில் துப்பாக்கியை வைத்துச் சிரிக்கச் சொன்ன சிரிப்பா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. 1936 ஜனவரியில் கட்சிப் பத்திரிகையான பிராவ்தா அவருடைய ஓபராவை (இசை நாடகத்தை) குதறியது, அதற்குப் பின் அவர் நான்காவது சிம்பொனியை உள்ளே வைத்துப் பூட்டியது, அது 1961-இல்தான் மேடை ஏறியது, இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்த இசை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. உண்மைதான். ஆனால் தெரியாமல் கேட்கும் ஒருவருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் ஒரு கேள்விதானே.

பிராவ்தா குதறிய அதே 1936-இல்தான் புரோகோஃபியேவ் மேல்நாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு மாஸ்கோவில் குடியேறினார். அந்த வசந்தத்தில் குழந்தைகள் நாடக அரங்கத்துக்காக எழுதியதுதான் 'பீட்டரும் ஓநாயும்'. கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாத்தியம். என் பேத்திக்கு ஆறு வயது. ஸ்டாலினும் தெரியாது, சோவியத்தும் தெரியாது. போன மாதம் அதைப் போட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். புல்லாங்குழல் வந்ததும் "குருவி" என்றாள். (அதில் வருவது ஏதோ ஒரு பறவை, அவளுக்குக் குருவி.) வாத்துக்கு ஓபோ. நம் நாகஸ்வரத்தின் சீவாளி மாதிரி நாணலைச் சீவிச் செய்த வாயில் வைத்து ஊதுகிற வாத்தியம், கொஞ்சம் மூக்கடைத்த குரல். மூன்று கொம்பு வாத்தியங்கள் சேர்ந்து ஓநாயாக வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓநாய் வாத்தை விழுங்கிவிடுகிறது. எல்லாம் முடிந்து வெற்றி ஊர்வலமும் போன பிறகு, ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து அந்த ஓபோ மெதுவாக மறுபடி கேட்கும். அவள் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, வாத்து சாகலையா?" என்றாள். இருபது வருடமாகக் கேட்கிறேன், அந்த இடத்தில் எனக்கும் அதே கேள்விதான் வருகிறது. விழுங்கப்பட்ட பிறகும் உள்ளேயிருந்து கேட்கிற ஒரு குரலை, குழந்தைக்குப் புரிகிற மாதிரி நாலைந்து சுரத்தில் வைத்துவிட்டுப் போகிறவரை ஆழம் போதாதவர் என்று எப்படிச் சொல்வது?

அவர் கஷ்டப்படவில்லை என்பதும் சரியில்லை. 1945 ஜனவரி 13 அன்று மாஸ்கோவில் தன் ஐந்தாவது சிம்பொனியை நடத்தக் கையைத் தூக்கினார். வெளியே செம்படையின் வெற்றியைக் கொண்டாடும் பீரங்கி முழக்கம். அது ஓயும்வரை தூக்கிய கையோடு காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார். அந்த மாதமே கீழே விழுந்து தலையில் அடிபட்டது. அந்த உடம்பு பிறகு தேறவே இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் எழுதலாம் என்று மருத்துவர்கள் கட்டுப்படுத்தினார்கள். 1948 பிப்ரவரியில் இசையமைப்பாளர்களைக் கண்டித்துக் கட்சியின் தீர்மானம் வந்தபோது, ஷோஸ்டகோவிச் பெயர் இருந்த அதே பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அதே மாதம் முதல் மனைவி லீனாவைக் கைது செய்து, பிறகு இருபது வருடத் தண்டனை கொடுத்தார்கள். லீனாவை விட்டு அவர் 1941-லேயே பிரிந்து போயிருந்தார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். லீனா கைதிகள் முகாமில் இருந்து வெளியே வந்தது 1956-இல். அப்போது அவர் உயிரோடு இல்லை.

ஸ்டாலினைப் புகழ்ந்து எழுதினார் என்று கட்டுரையாளர் ஒரு குத்து வைத்திருக்கிறார். எழுதினார், 1939-இல். ஷோஸ்டகோவிச்சும் 1949-இல் 'காடுகளின் பாட்டு' எழுதினார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் வாழ்ந்த இரண்டு பேரில் ஒருவரைத் தியாகியாகவும் இன்னொருவரைச் சந்தர்ப்பவாதியாகவும் நிறுத்துவது நியாயமில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது புரோகோஃபியேவின் ஏழாவது சிம்பொனியைப் பற்றி. லெனின்கிராடில் ஒலித்த ஷோஸ்டகோவிச்சின் சிம்பொனியும் ஏழாவதுதான். இது வேறு ஜாதி. குழந்தைகள் வானொலிக்காக என்று ஆரம்பித்தது. 1952 அக்டோபரில் மாஸ்கோவில் அரங்கேறியது. முதல் பகுதியில் ஒரு பெரிய மெட்டு வரும், அகலமான ஆற்றைக் கரையில் நின்று பார்ப்பது போல. கடைசிப் பகுதி ஓட்டமும் துள்ளலுமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்த மெட்டு திரும்பி வரும். பிறகு சின்ன மணிகளும் சைலஃபோனும் கடிகாரம் போல டிக் டிக்கென்று தட்டும். ஒவ்வொரு வாத்தியமாக விலகும். கடைசியில் தந்திகளை விரலால் மெல்லச் சுண்டுவதோடு அடங்கிவிடும்.

இப்படி முடித்தால் ஸ்டாலின் பரிசு கிடைக்காது, உற்சாகமாக முடியுங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். முதல் தரப் பரிசு ஒரு லட்சம் ரூபிள். கையில் பணம் இல்லை, உடம்பும் இல்லை. துள்ளலான சில வரிகளைக் கடைசியில் ஒட்டிக் கொடுத்தார். பரிசு வரவில்லை. நீ என்னைவிட அதிக நாள் இருப்பாய், எனக்குப் பிறகு இந்த ஒட்டுப்போட்ட முடிவு இல்லாமல் பார்த்துக்கொள் என்று அவர் இளம் செல்லோ கலைஞரான ரோஸ்ட்ரோபோவிச்சிடம் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த சிம்பொனியைக் கேட்டுவிட்டு மனம் நிறைந்து பாராட்டிக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஷோஸ்டகோவிச்தான்.

ஐந்தே மாதத்தில், 1953 மார்ச் 5 அன்று, ஸ்டாலின் செத்த அதே நாளில், புரோகோஃபியேவும் போய்விட்டார். வீடு செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில். ஸ்டாலினைப் பார்க்க வந்த கூட்டத்தில் தெருவெல்லாம் அடைபட்டு வண்டி வர வழியில்லை. சவப்பெட்டியைக் கையால் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் இருந்த பூவெல்லாம் ஸ்டாலினுக்குப் போய்விட்டது.

அந்த சிம்பொனியின் ஒலிப்பதிவுகள் இரண்டு முடிவோடும் கிடைக்கின்றன. அமைதியாக முடிகிற பதிவைத் தேடிப் பிடித்து ஒரு தடவை கேட்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். கேட்ட பிறகு அந்த ஒரு பத்தியை அவர் திருத்தி எழுதினால், நீங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்.