பங்களா சாமான்: ஜாபிதா இல்லாமல் விலை பேசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உதகை, குன்னூர், கோத்தகிரியில் பழைய துரைமார் பங்களா கைமாறும்போது, ‘உள்ளே இருப்பது மொத்தத்துக்கும் இவ்வளவு’ என்று ஒரே விலை பேசி, லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. விற்பவருக்கு அலைச்சல் மிச்சம், பணம்தான் நஷ்டம். பழைய மரச்சாமான் பழுதுபார்ப்பதும் ஏலம் கூறுவதும் எங்கள் தொழில். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறோம்.

கப்பலேறும் முன் வீட்டுச் சாமானை ஏலம் விடுவது வெள்ளைக்காரக் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் கப்பல் கூலி கொடுத்துக் கட்டுபடியாகாது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னையின் ஆங்கிலப் பத்திரிகைகள் மேசை நாற்காலி முதல் குதிரை வண்டி, ஒயின் வரை அடுக்கி இத்தகைய ஏல விளம்பரங்களை வெளியிட்டன. ஜாபிதா, அதாவது சாமான் பட்டியல் போட்டு, உருப்படி உருப்படியாகக் கூறுவதுதான் அந்த ஏலங்களின் பலம். இன்று விட்டுப்போனதும் அதுதான்.

எட்டு அறை பங்களாவுக்கு ஜாபிதா எழுத இரண்டு பேருக்கு நான்கைந்து நாள் பிடிக்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் எண், நீள அகலம், மரம், பழுது, மூன்று போட்டோ: முன்பக்கம், பின்பக்கம், இழுப்பறையின் அடிப்பக்கம். எண்ணை அட்டையில் எழுதி நூலில் கட்டுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், பிய்க்கும்போது பழைய பாலிஷும் சேர்ந்து வந்துவிடும். ஏலத்துக்கு முன் ‘பளிச்’சென்று ஆக்குகிறேன் என்று பீதாம்பரி, புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

காரணம் வெள்ளிச் சாமான். கரண்டிக் காம்பின் பின்புறம் ஒரு கால் தூக்கி நடக்கும் சிங்கம், பக்கத்தில் ஊர் முத்திரை, ஓர் எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். ‘இ.பி.என்.எஸ்.’ என்று இருந்தால் நிக்கல் கலவைமேல் வெள்ளி முலாம்தான். எடைக்கு மதிப்பில்லை, தேய்த்தால் முலாமும் போய்விடும். சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்த, சாமி உருவங்கள் புடைத்த வெள்ளியை எடை போட்டு உருக்கக் கொடுப்பவர்களை என்னவென்று சொல்வது! பீங்கானில் அடிப்பக்கம் பாருங்கள். நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிய ஆண்டு அது. தட்டை விரல்நுனியில் நிறுத்திச் சுண்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம்.

வீட்டையும் விற்பதாக இருந்தால் முதலில் கிரய ஒப்பந்தத்தைப் பாருங்கள். சுவரோடு பதித்த கணப்பு (குளிர்காயும் நெருப்பிடம்), அதன் மேல்பலகை, வண்ணக் கண்ணாடி ஜன்னல், சுவர்ப்பலகை எல்லாம், பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி வீட்டோடு போய்விடும். கணப்பின் முன் நிற்கும் பித்தளைத் தடுப்பும் கரிப்பெட்டியும் மட்டும் சாமான் கணக்கில் வரும். வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பிறகு கணப்பைப் பெயர்த்து ஏலத்தில் வைத்தால் வழக்குதான்.

சில பொருட்களுக்கு ஏலத்தில் இடமே இல்லை. புலித்தோல், சிறுத்தைத் தோல், காட்டெருமைத் தலை ஆகியவற்றை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்க முடியாது. உரிமைச் சான்று இருந்தால் வாரிசுக்குப் போகலாம், காசுக்குப் போகக் கூடாது. விலங்குகளைப் பாடம் செய்த மைசூர் வான் இங்கன் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது என்பது விற்க அனுமதி ஆகாது. அத்தகைய பழைய தலைகளையும் தோல்களையும் பாடம் செய்ய ஆர்சனிக் விஷம் பூசுவது அக்கால வழக்கம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தந்தமும் அப்படியே, எந்த வடிவிலும் விற்கக் கூடாது. பியானோவின் வெள்ளைக் கட்டைகளைச் சாய்த்துப் பார்த்தால், அகலப் பகுதியும் ஒடுங்கிய பகுதியும் சேருமிடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது தந்தமாக இருக்கலாம். வேட்டைத் துப்பாக்கி கிடைத்தால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை உண்டு. வெளிநாட்டிலுள்ள வாரிசே கேட்டாலும் கூரியரில் போடாதீர்கள்.

ஏல நாளுக்கு முதல் நாள் பார்வை நாள். டேவணித் தொகை (ஏல முன்பணம்) கட்டியவருக்கு மட்டும் ஏலம் கேட்கும் எண். ‘மூணு தரம்’ சொல்லிச் சுத்தி விழுந்தால் விற்பனை முடிந்தது. அதற்கு முன் கேட்டவர் பின்வாங்கலாம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விலை ஏற்ற உங்கள் ஆளையே கூட்டத்தில் நிறுத்தினால், வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். குறைந்தபட்ச விலை வேண்டுமென்றால் வெளிப்படையாக அறிவியுங்கள். வியாபாரிகள் சிண்டிகேட் போட்டு வந்தால் அதைச் சமாளிக்கவும் அந்த அறிவிப்பு உதவும். நல்ல உருப்படிகளைக் கடைசிக்கு வைக்காதீர்கள். மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கும் முன் கோவைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். சமையலறைச் சில்லறையில் தொடங்கி, பதினொரு மணிக்குள் ஈட்டிமர அலமாரி மேடைக்கு வந்துவிட வேண்டும்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. மலை ஈரத்தில் நூறு வருஷம் இருந்த மரம் சமவெளி வெயிலில் சுருங்கும். மேசைப் பலகை வெடிக்கும், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு எழும்பும். முதல் சில வாரம் காற்றோட்டமான நிழல் அறையில் வையுங்கள், ஏசி அறை கூடாது. பழைய இணைப்புகள் வஜ்ஜிரம் என்னும் தோல், எலும்புப் பசையில் ஒட்டியவை. ஈரமும் சூடும் பட்டால் இளகும், பிரித்து மறுபடி ஒட்டலாம். அங்கே ஃபெவிகால் ஊற்றினால் அடுத்த முறை பிரிக்கும்போது மரம்தான் உடையும். ஆணி அடிக்கும் தச்சரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காகிதம்தான் எப்போதும் கடைசியில் ஞாபகம் வருகிறது. எஸ்டேட் கூலிப் பதிவேடு, மழைக் கணக்கு, நில வரைபடம், ஆல்பம் எல்லாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணத்துக்கு 75 ஆண்டு ஆனாலே தொல்பொருள் சட்டம் பொருந்தும். அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்துத் தனி ஜாபிதா எழுதி, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள்.

மாதம் என்று கேட்டால் பிப்ரவரி, மார்ச். உறைபனி குறைந்திருக்கும், மழை வந்திருக்காது. சீசன் தொடங்கினால் லாரி வாடகை ஏறும், மலைப்பாதை அடைபடும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு; ஏல நோட்டீஸிலேயே அதையும் அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மரச்சாமான், ஏலத் தொழிலில் உள்ளோர் சிலர்,
உதகமண்டலம்.