நீலி எங்கள் ஊர்க்காரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டின் சிறந்த படங்கள், இசை, நூல்கள் குறித்துத் தாங்கள் வெளியிட்டிருந்த தொகுப்பைப் படித்தேன். வாசகர்களும் தத்தம் விருப்பங்களை எழுதலாம் என்று கேட்டிருந்ததால் இக்கடிதம். பட்டியலோடு எனக்குப் பெரிய பிணக்கு எதுவும் இல்லை. ஆனால் ‘லோகா’ என்ற மலையாளப் படத்தைப் பிறமொழிப் படங்களின் வரிசையில் சேர்த்து நான்கு வரியில் முடித்துவிட்டதும், இசை என்ற தலைப்பின் கீழ்ச் சினிமாப் பாட்டையும் சபாக் கச்சேரியையும் தவிர வேறெதற்கும் இடம் தராததும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனான எனக்கு உறுத்தலாகவே இருந்தன.

டொமினிக் அருண் இயக்கத்தில், கல்யாணி பிரியதர்ஷன் நடிப்பில், ஓணத்தை ஒட்டி ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த அந்தப் படத்தின் நாயகி கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு நாகர்கோவிலுக்கு மேற்கே, பார்வதிபுரத்தை அடுத்து இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் அன்றாடம் கடந்துபோகிற இடம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை எங்கள் பகுதி மலையாள நாட்டோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததால், நீலியின் கதை இரண்டு மொழிகளிலும் இரண்டு விதமாக வளர்ந்தது. அங்கே அவள் கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதப் பாதிரியார் அடக்கி ஒடுக்கிய யட்சி. இங்கேயோ இசக்கியம்மனாகிக் கொடை என்னும் கோயில் விழாவை வாங்கிக்கொள்கிறவள். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போய் யாரைக் கேட்டாலும் நீலி கதையைத்தான் சொல்வார்கள்.

படத்தை மலையாளத்திலேயே மார்த்தாண்டத்தில் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. நீலியின் இளமைக்காலத்தைக் காட்டும் பகுதி 2025இல் நான் பார்த்தவற்றிலேயே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட மக்களின் பெண்ணாக அவளை மாற்றியது, கொடை பார்த்து வளர்ந்த எனக்கு அந்நியமாகப் படவில்லை. பெங்களூரில் நடக்கும் சண்டைகள் கொஞ்சம் நீளம்தான். அதையும் நம் நடன இயக்குநர் சாண்டி வில்லனாக வந்து சரிக்கட்டிவிடுகிறார்.

ஒரு குறை மட்டும் உண்டு. படத்தின் நீலிக்குக் கைபலம் இருக்கிறது, வாய் இல்லை. வில்லுப்பாட்டில் வரும் நீலியின் ஆயுதமே பேச்சுதான். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் செட்டியாகப் பிறந்து வரும்போது, கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையின் முன் நின்று, இவன் என் புருசன், என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று வழக்காடுகிறாள். ஊரார் அவள் பேச்சை நம்பிச் செட்டியின் கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஒரே வீட்டில் அடைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் செட்டி பிணமாகக் கிடக்கிறான். இக்கதை வட தமிழகத்தின் பழையனூரிலும் வழங்குவது. திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிப்பிடுகிறார், நீலகேசி என்னும் சமணக் காப்பியம் இந்த நீலியையே தத்துவ வாதம் புரிகிறவளாக ஆக்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் வாதாடிக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பிறமொழிக்காரி என்று ஒதுக்கலாமா என்பதே என் கேள்வி.

அந்த வழக்காடும் கட்டத்தை அதே ஆண்டு ஓர் இசக்கியம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகக் கேட்டேன். எனக்கு அதுவே ஆண்டின் சிறந்த இசை. தலைமை ஏற்றுப் பாடும் புலவர் ஒரு பெண். நீலி பேசும்போது வீசுகோலை வில்லின் நாணில் படாமல் நிறுத்திவிட்டு வெறும் குரலில் பேசினார். செட்டி மறுத்துப் பேசும்போதெல்லாம் குடமும் உடுக்கும் சேர்ந்து அவன் சொல்லை அமுக்கின. ஊரார் தீர்ப்புச் சொன்ன மறுகணம் கோல் நாணில் விழ, மணிகள் அத்தனையும் ஒன்றாகக் குலுங்கின. யாரிடம் நியாயம் இருக்கிறது என்பதை வாத்தியங்களின் ஏற்ற இறக்கத்தாலேயே சொல்லிவிட்ட அந்த உத்தி, பெரிய மேடைகளில் கேட்டவற்றுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஒலிபெருக்கிக்காரர் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்.

மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய இளையராஜாவின் சிம்பொனியைத் தாங்கள் முதலிடத்தில் வைத்ததில் எனக்கு மறுப்பில்லை. அந்த மரியாதைக்கு அவர் உரியவரே. திரைப்பாட்டைப் பொறுத்தவரை, ராம் இயக்கிய ‘பறந்து போ’ படத்தில் அப்பனும் மகனும் வண்டியில் சுற்றுகையில் துண்டு துண்டாக வந்துபோகும் பாட்டுகள் எனக்குப் பிடித்திருந்தன. தனியாகக் கேட்டால் அவை நிற்குமா என்றால், நிற்கா. படத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை.

நூல் என்று வந்தால், ஆண்டின் புதிய நூல்களில் நான் படித்தவை குறைவு. சாகித்திய அகாதெமியின் 2024ஆம் ஆண்டு விருது அறிவிக்கப்பட்ட பிறகுதான் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலை வாங்கினேன். எங்கள் நாகர்கோவிலின் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது என்பதில் ஓர் ஊர்ப்பெருமையும் உண்டு. வ.உ.சி. கைதானதை அடுத்து மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்ததையும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டதையும் பள்ளிப் பாடத்தில் ஒற்றை வரியாகவே படித்திருந்தேன். தலைவர்களின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன சாமானியர்களை ஆவணங்களிலிருந்து மீட்டெடுக்க ஆசிரியர் பட்டிருக்கும் பாடு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அப்போது திருவிதாங்கூர்ப் பிரஜைகளாக இருந்த எங்கள் முன்னோருக்கு அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்புறம் நடந்த அடுத்த நாட்டுச் செய்தியாக வந்து சேர்ந்திருக்கும் என்ற நினைப்போடு படித்ததால், எனக்கு அது கூடுதல் சுவையாக இருந்தது.

அடுத்த தொகுப்பில் இசைப் பகுதிக்கு ஒரு பக்கம் கூட்ட முடியுமானால், பங்குனி, சித்திரை மாதங்களில் தங்கள் செய்தியாளர் ஒருவரை இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள். கொடை நடக்கும் கோயில்களின் பெயர்களைத் திரட்டித் தருவது என் பொறுப்பு. வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும் என்பதால், பகலில் தூங்கிவிட்டு வரச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.