எக்ஸிட் போல் காட்டும் செய்தி ஆசிரியர்களுக்கு

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல், அதாவது ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்பின் முடிவை வெளியிடக் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. இந்த விதியை நீங்கள் நிமிடம் பிசகாமல் கடைப்பிடிக்கிறீர்கள். என் புகார் அந்த அரை மணி நேரம் முடிந்த பிறகு திரையில் நடப்பதைப் பற்றியது.

வாக்குச்சாவடி வாசலில் கேட்பது யாருக்கு ஓட்டு என்று. நீங்கள் காட்டுவதோ இத்தனை இடங்கள் என்று. நடுவில் என்ன நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுகவுக்குச் சுமார் 44 சதவீத வாக்கு, 39இல் 37 இடம். திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு, ஓர் இடம்கூட இல்லை. வாக்கை இடமாக மாற்றும் கணக்கு இவ்வளவு முரட்டுத்தனமானது. அந்தக் கணக்கை யார், எப்படிப் போட்டார்கள் என்று தெரியாமல் நான் எதை நம்புவது?

2016 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். திமுக ஆட்சிக்கு வரும் என்று பல கணிப்புகள் அடித்துச் சொல்லின. வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134 வென்றது, திமுக அணி 98. இரு தரப்புக்கும் வாக்கு வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை. ராதாபுரத்தில் 49 வாக்கில் முடிவானது. ஒழுங்காக எடுத்த ஆயிரம் பேர் சாம்பிளிலேயே மூன்று சதவீதம் அப்படி இப்படிப் போகும். பத்தாயிரம் பேரைக் கேட்டதாகவே வைத்துக்கொள்வோம், மாநிலத்தின் மொத்தம் 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு 43 பேர். அதை வைத்துக்கொண்டு 'நட்சத்திரத் தொகுதியில் முந்துவது யார்' என்று ஒரு மணி நேரம் ஓட்டுகிறீர்கள்!

கேட்கும் இடத்தையும் பாருங்கள். டேப்லெட்டோடு ஒரு பையன் நிற்கிறான். பத்தடி தள்ளி கிளைச் செயலாளர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா உள்ளதை உள்ளபடி சொல்வாரா? "ஜெயிக்கிறவங்களுக்குத்தான் தம்பி" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார். அதையும் ஏதோ ஒரு கட்சியின் கட்டத்துக்குள் அந்தப் பையன் டிக் அடித்தாக வேண்டும். பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் திரையில் நான் பார்த்ததே இல்லை.

2021இல் திமுக அணி வெல்லும் என்று சரியாகத்தான் சொன்னார்கள், மறுக்கவில்லை. ஆனால் 175க்கு மேல் கொடுத்தவர்களும் உண்டு, வந்தது 159. 2024இல் தேசிய ஜனநாயகக் கூட்டணி 400ஐத் தொடும் என்ற அளவுக்குப் போனார்கள், வந்தது 293. கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று 2,500 புள்ளி ஏறிய பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், மறுநாள் வாக்கு எண்ணும்போது 4,300க்கும் மேல் விழுந்தது. அன்றைக்கு நட்டப்பட்ட சிறு முதலீட்டாளருக்கு இது வெறும் சாயங்கால விவாதம் இல்லை. எல்லாக் கணிப்பையும் சேர்த்துச் சராசரி போடும் அந்த 'மகா கணிப்பு' வேறு. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சராசரியும் அதே பக்கம்தானே சாயும்?

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடத்துக்கு முன்னால் வாக்கு சதவீதத்தைக் காட்டுங்கள். யார் பணம் கொடுத்தார்கள், எந்தத் தேதியில், எத்தனை பேரிடம், நேரிலா போனிலா, பிழை வரம்பு எவ்வளவு என்பதையும் கூடவே போடுங்கள். பத்திரிகைகளுக்குப் பிரஸ் கவுன்சில் எப்போதோ சொன்ன விஷயங்கள்தான் இவற்றில் பெரும்பாலும். தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்பையும் எக்ஸிட் போலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'அலை திரும்பியது' என்று தலைப்புப் போடாதீர்கள். ஒன்று, போடப்போவதாகச் சொன்னது. இன்னொன்று, போட்டதாகச் சொன்னது.

அப்புறம், வாக்கு எண்ணிய மறுநாள் எந்த நிறுவனம் எவ்வளவு பிசகியது என்று ஓர் அரை மணி நேர நிகழ்ச்சி போடுங்கள். விளம்பரம் கிடைக்காது என்றால் காலை 6 மணிக்குப் போட்டாலும் சரி, உட்கார்ந்து பார்க்கத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்