நீ கேட்டதற்கு

பாளையங்கோட்டை
செவ்வாய் இரவு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஒன்பது நாளாக நீ ப்ளூ டிக்கோடு நிறுத்திக்கொள்கிறாய். அம்மா கேட்டால், கம்போடியாவில் பட்டம்பாங் டவுனைத் தாண்டிக் கிராமம், மழைக்காலம் வேறு, சிக்னல் கிடைத்திருக்காது என்று நானே சமாளித்துக்கொண்டிருக்கிறேன். கொசுவலை கட்டித்தானே படுக்கிறாய்? டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், வகுப்பில் இருக்கும்போதும் மருந்து தடவிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உன் வீடியோவை நம்ம சபைப் போதகர் ஐயருக்கும் இன்னும் பத்துப் பேருக்கும் காட்டினேன். பாயில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பிள்ளைகளும் உன் கையைப் பார்த்துப் பார்த்து, ஒரு வார்த்தை பிந்தியே பாடுகிறார்கள். நம்ம வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டு கெமர் பாஷை பேசுகிற வாயில் எப்படியோ ஆகிவிட்டது, ஆனாலும் தாளம் தப்பவில்லை. டீச்சர் என்பதற்கு ‘நெக் க்ரூ’ என்று உன்னைக் கூப்பிடுகிறார்களே, அந்தக் க்ரூ நம்ம குருதான். அவர்கள் எழுத்தே பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்ததுதான் என்று படித்ததையும் ஐயரிடம் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும். போட்டோவில் அந்தச் சின்னப் பையன் தலையில் கை வைத்திருக்கிறாய். அந்த ஊரில் தலையைத் தொடக் கூடாதாம், மரியாதைக் குறைவு. ஜெபிக்கும்போது தலையில் கை வைத்தே பழகியவர்கள் நாம், கை தானாகப் போய்விடும். பார்த்துக்கொள்.

அப்புறம், டிக்கெட் 27ஆம் தேதி. டூரிஸ்ட் விசா 30 நாள், இன்னொரு மாதம் நீட்டிக்கலாம் என்று உன் சித்தப்பா மகன் வந்து சொன்னான். நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னான். நீட்டிக்கப் போகிறாயா? குழுவில் மற்றவர்கள் திரும்பும்போது நீ மட்டும் தங்கினால் அம்மா தாங்கமாட்டாள். டோனாவூரில் ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் கண்மூடும் வரை ஊருக்குப் போகவே இல்லை, 55 வருஷம் என்று எத்தனை கன்வென்ஷனில் குரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறேன்! அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் அல்லேலூயா எளிதாக வருகிறது. கொசுவலை ஓட்டையாக இருந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன்.

அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் எல்லை ஊரான போய்ப்பெட் வழியாகத் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், பாட்டிதான் வளர்க்கிறாள், சாயங்காலம் நீ கிளம்பும்போது உன் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரே வரி: "அப்பா, ஹாஸ்டல் கேட்டில் என்னை விட்டுட்டுப் போன அன்னிக்கு நான் எவ்வளவு நேரம் அழுதேன்னு உங்களுக்குத் தெரியுமா?" நான் அதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் நீ பேசவில்லை.

உனக்கு அப்போது ஐந்து வயது. மறுநாள் எனக்கும் அம்மாவுக்கும் வடக்கே ராஜ்மகால் மலைக்கு ஊழியத்துக்காக ரயில். அங்கே மால்தோ பழங்குடி ஜனங்கள் காலா அசார் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள், போகத்தான் வேண்டும், இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நாளை மேடைதோறும் சாட்சியாகச் சொன்னேன். ஆபிரகாம் ஈசாக்கைக் கட்டிக் கிடத்தியதுபோல என் மகளை விட்டு வந்தேன், திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன் என்பேன். அழாத ஆள் கிடையாது. காணிக்கைத் தட்டு நிறையும். ஒரு தடவை நீயே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய், பன்னிரண்டு வயது இருக்கும், கவுன் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

சாட்சியில் சொல்லாதது ஒன்று உண்டு. அன்றைக்கு என் பஸ் உடனே வரவில்லை. அம்மாவை முந்தின பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டேன், அவளுக்கு இன்றுவரை இது தெரியாது. எதிரே டீக்கடை பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ அழுவது அங்கே கேட்டது. முதலில் "அப்பா", பிறகு வெறும் சத்தம், பிறகு இருமல். டீக்கடைக்காரர், "சார், ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று இரண்டு தடவை சொன்னார். போனால் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போவேன், ஊழியம் அதோடு போச்சு என்று பயம். கர்த்தருக்காகப் போகவில்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் என்ன சொல்வார்களோ என்றுதான் போகவில்லை, மகளே. நீ ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் நழுவியதும் நான்தான். ஆக, எவ்வளவு நேரம் என்றால், பஸ் வந்தபோதும் நீ அழுதுகொண்டுதான் இருந்தாய். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

27ஆம் தேதி கிளம்பினாலும் சரி, ஒரு மாதம் கழித்துக் கிளம்பினாலும் சரி, அந்தப் பையன் விளையாடிக்கொண்டிருக்கும்போது போய்விடாதே. அவன் பாஷையில் நாளைக்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று அந்தப் பாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள். அழுவான். அழட்டும், நீ பக்கத்தில் இரு.

அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன். டீக்கடை விஷயத்தை அவளிடம் நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

அப்பா